மூன்றாவது மார்கழியில் எத்தனை தூர் உயிரோடு இருக்கிறது?

தாம்பரத்தைச் சுற்றி மாடு கட்டியிருக்கும் யாரிடமாவது "என்ன புல்லுங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். "கோ நாலு" என்று பதில் உடனே வரும். சிலர் "கோ அஞ்சு" என்பார்கள். கொஞ்சம் பெருமையோடு "சூப்பர் நேப்பியர்" என்பவர்களும் உண்டு. அடுத்ததாக, "நட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று கேளுங்கள். அங்கேதான் பேச்சு இழுபடும். "மொத ரெண்டு வருஷம் ஆள் உயரத்துக்கு வந்துச்சுண்ணே. அப்புறம் என்னமோ, தேஞ்சுபோச்சு." கொல்லைக்குள் இறங்கிப் பார்த்தால், பாரில் பத்துத் தூர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருக்கும். மீதி நாலு இடத்தையும் கோரை பிடித்திருக்கும்.

ஒரு புல்லைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். எவ்வளவு கொடுக்கும்? எத்தனை காலம் கொடுக்கும்? முதல் கேள்விக்கான பதில் எல்லாத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சாகியிருக்கிறது. இரண்டாவதற்கான பதில் உங்கள் மண்ணில்தான் இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்லப்போகிறது. மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டு மேய்த்த காலம் இந்தப் பக்கம் முடிந்துவிட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. புறம்போக்கும் ஏரிக்கரையும் வீடாகிவிட்டன. சாலையில் திரியும் மாட்டைப் பிடித்தால் அபராதம். இனி அரை ஏக்கரோ, நாலு கிரவுண்டோ, இருக்கிற இடத்தில் வளர்த்து, அறுத்துப் போட்டால்தான் பால்.

நம் பக்கத்து மண்ணும் மழையும்

சென்னை வட்டாரத்துக்கு ஆண்டில் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள், 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். மறு ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளெல்லாம் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மனிதர்களே வரிசையில் நின்றார்கள். புல்லுக்கு யார் பாய்ச்சுவது? 2015 ஆடியில் ஒருவர் புல் நட்டிருந்தால், ஐந்து வயது ஆவதற்குள் அது வெள்ளத்தில் முழுகியிருக்கும், புயலில் சாய்ந்திருக்கும், வறட்சியில் காய்ந்திருக்கும். கோயம்புத்தூரில் கிடைத்த மகசூல் புள்ளிவிவரத்தை வைத்து இங்கே திட்டம் போடுவதில் உள்ள சிக்கல் இதுதான்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை மலையடிவாரம் முழுக்கச் சரளை கலந்த செம்மண். தண்ணீர் நிற்காது, மாசி பிறந்தால் ஈரமும் நிற்காது. முடிச்சூர், மண்ணிவாக்கம் தாழ்வில் ஆற்றுப்படுகை. பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் போனால் களி; மழைக்காலத்தில் முழங்கால் வரை இழுக்கும், கோடையில் விரலே நுழையும் அளவுக்கு வெடிக்கும். பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரே புல் மூன்று விதமாக வாழும், மூன்று விதமாகச் சாகும். "பக்கத்து ஊரில் நன்றாக வந்தது" என்பதை மட்டும் நம்பிக் கரணை வாங்காதீர்கள்.

கம்புக்கும் யானைப்புல்லுக்கும் பிறந்தது

கோ-3, கோ-4, கோ-5 மூன்றும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தாய் கம்பு, தகப்பன் நேப்பியர் என்கிற யானைப்புல். நேப்பியர் ஆப்பிரிக்கப் புல். ரொடீசியாவில் இதைத் தீவனமாகச் சோதித்துப் பாருங்கள் என்று வேளாண் துறையை வற்புறுத்திய ஒரு கர்னலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தகப்பனுக்கு முரட்டுத் தண்டும் ஆழமான வேரும் உண்டு. தாய்க்கு மென்மையும் புரதமும் உண்டு. இரண்டையும் சேர்க்கும் வேலை இந்தியாவில் முதலில் கைகூடியது கோயம்புத்தூரில், 1950களில். ரகத்தின் பெயரில் வரும் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது.

இந்தக் கலப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலைப்புத்தன்மை பற்றிய பேச்சு முழுக்க அதில்தான் வந்து நிற்கும். கம்புக்குக் குரோமோசோம் 14. யானைப்புல்லுக்கு 28. பிறந்த பிள்ளைக்கு 21. ஒற்றைப்படைக் கணக்கு என்பதால் அது விதை பிடிக்காது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை நன்றாகச் சுமக்கும், குட்டி போடாது. ஒட்டுப்புல்லும் அந்த ஜாதிதான். கதிர் வரும், விதை வராது. ஆகவே கொல்லையில் ஒரு தூர் செத்தால் அந்த இடம் காலிதான். தானாக எதுவும் முளைத்து நிரப்பாது. வேறு புல்லில் இப்படி இல்லை என்பதைக் கினியாவைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் கணக்குப்படி, கோ-3 ஆண்டுக்கு எக்டருக்கு 350 டன் பச்சைத் தீவனம். 2008இல் வெளியான கோ-4, 380 முதல் 400 டன். 2012இல் வந்த கோ-5, 360 டன். ஒரு ரகத்துக்கு அடுத்து வந்த ரகம் எடையில் குறைந்திருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். கோ-4இல் புரதம் 11 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கோ-5இல் 14க்கு அருகில். இலையிலும் சுணை குறைவு. அறுத்துச் சுமப்பவரின் கையும் கழுத்தும் அந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

சூப்பர் நேப்பியர் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அது தாய்லாந்தில் பாக்சோங் என்ற இடத்தில் உருவான ரகம். அதுவும் நேப்பியரும் கம்பும் சேர்ந்ததுதான், வானத்திலிருந்து இறங்கியதல்ல. நல்ல உரமும் தண்ணீரும் கொடுத்தால் நிச்சயம் உயரும். ஆனால் உயரத்தைக் காட்டிக் கரணையை விலை கூட்டி விற்பவரிடம், "மூணாவது வருஷ அறுப்பு எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். நானும் ஒருமுறை புது ரகம் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியது, வளர்ந்த பிறகு பார்த்தால் பழைய யானைப்புல். மாடு தண்டை ஒதுக்கிவைத்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, தாய்த்தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் கரணை வாங்குவதில்லை.

மற்ற புற்கள்

கினியா புல்லுக்கு நம் பக்கத்தில் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை. கோ கினியா 3 ரகத்தின் கணக்கு ஆண்டுக்கு 320 முதல் 340 டன். காகிதத்தில் கோ-4ஐவிடக் குறைவு. ஆனால் தென்னைக்கடியிலும் மாமரத்தடியிலும் நிழலைத் தாங்கி வளரும் புல் இது. மாடம்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் பழைய தோப்புகளில் மிச்சமிருக்கும் இடத்துக்கு இதைத் தவிர நான் வேறு சொல்ல மாட்டேன். தண்டு மெல்லியது, வெள்ளாடும் மிச்சம் வைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது விதை போடும். ஓர் அறுப்பைத் தள்ளிப்போட்டுக் கதிரை முற்றவிட்டால், உதிரும் விதையில் கொஞ்சம் முளைத்து, செத்த தூரின் இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

கொழுக்கட்டைப் புல் வேறு ஒரு பாடம். மானாவாரியில் ஆண்டுக்கு 40 டன் அளவுதான். கோ-4இல் பத்தில் ஒரு பங்கு. ஆனால் காங்கேயம் பக்கம் கொறங்காடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, நடுவே ஆங்காங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். தலைமுறைகளாக அதே காட்டில், பாசனமே இல்லாமல், காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்கின்றன. நிலைப்புத்தன்மைக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. வண்டலூர்ச் சரளையில், கிணறு இல்லாத மேட்டில், இதைத் தூவிவிடலாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், அழுகிவிடும்.

தண்ணீர் நிற்கும் இடத்துக்கென்றே இருப்பது நீர்ப்புல். எருமைப்புல் என்றும் சொல்வார்கள். கணுவுக்குக் கணு வேர் விடும்; கணுக்கால் தண்ணீரில் சந்தோஷமாகக் கிடக்கும். பெரும்பாக்கம் களியில் ஒட்டுப்புல்லோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல். ஒரே நிபந்தனை: அறுத்த துண்டுகளை ஓடையிலோ மழைநீர்க் கால்வாயிலோ வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்பிடித்து நீரோட்டத்தை அடைக்கும். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது.

தீவனச் சோளம் விதைத்து அறுப்பது. கோ எஃப்எஸ் 29 ஆண்டுக்கு 170 டன், அதற்குப் பின் வந்த 31 ஆண்டுக்கு 190 டன். பல அறுப்பு வரும். ஆனாலும் நிரந்தரப் புல்லின் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. ஒட்டுப்புல் நட்ட முதல் இரண்டரை மாதம் மாட்டுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு இது பதில். இளம்பயிரையும், தண்ணீரில்லாமல் வாடிக் குறுகிய பயிரையும் மாட்டுக்குக் காட்டவே கூடாது. அதில் சயனைடு நஞ்சு இருக்கும். பாதிக்கு மேல் பூத்த பிறகு அறுங்கள்.

டன்னைக் கிரவுண்டில் அளப்பது

எக்டருக்கு 400 டன் என்றால் நாலு கிரவுண்டுக்காரருக்கு என்ன புரியும்? ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். 400 டன் என்பது சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 40 கிலோ. ஒரு கிரவுண்டில் 8,900 கிலோ. நாளுக்குப் பிரித்தால் 24 கிலோ. ஒரு கறவை மாட்டின் ஒரு நாள் பசுந்தீவனம் ஏறக்குறைய இதுதான். இதே கணக்கில் கினியா ஒரு கிரவுண்டுக்கு நாளைக்கு 20 கிலோ, தீவனச் சோளம் 10 கிலோ, கொழுக்கட்டை இரண்டரை கிலோ.

"ஒரு கிரவுண்டுக்கு ஒரு மாடு" என்று சுவரில் எழுதிவைத்துவிடாதீர்கள். இது ஆராய்ச்சிப் பண்ணை எடை. நேரத்துக்குத் தண்ணீர், ஒவ்வோர் அறுப்புக்கும் உரம், களை இல்லாத நிலம் எல்லாம் சேர்ந்தால் வருவது. நம் கொல்லையில் அதில் பாதி வந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவே மாட்டுக்கு இரண்டு கிரவுண்டு என்று தொடங்குங்கள்.

உங்கள் கொல்லை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒட்டுப்புல்லை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நடச் சொல்கிறார்கள். எக்டருக்கு 33,333 தூர். 400 டன்னைத் தூருக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 12 கிலோ. ஏழு அறுப்பு என்று வைத்தால் ஒரு தூருக்கு ஓர் அறுப்பில் 1.7 கிலோ. அறுக்கும் நாளில் வரப்போர வரிசையை விட்டுவிட்டு, உள்ளே அடுத்தடுத்து பத்துத் தூரை அறுத்துக் கட்டி, கொக்கித் தராசில் தொங்கவிடுங்கள். 17 கிலோ காட்டினால் நீங்கள் பல்கலைக்கழகத்தோடு போட்டி போடுகிறீர்கள். 9 காட்டினால் சராசரி. 5 காட்டினால் ரகத்தைத் திட்டும் முன் தண்ணீரையும் உரத்தையும் பாருங்கள். பத்து என்று எண்ணும்போது செத்த தூரின் இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். உயிரோடு இருப்பதை மட்டும் பொறுக்கி அறுத்தால் கணக்கு அழகாக வரும், மாடு பட்டினி கிடக்கும். கினியாவை 50-க்கு 30 இடைவெளியில் நடுவதால் தூரின் எண்ணிக்கை இரட்டிப்பு. அங்கே ஒரு தூருக்கு 700 கிராம் வந்தாலே போதும்.

வரப்போர வரிசையை ஏன் விடச் சொன்னேன்? ஓரத்தில் நிற்கும் தூருக்கு வெயில் அதிகம், வேர் பரவ இடம் அதிகம். எப்போதும் கூடுதலாகவே நிறுக்கும். விற்பனைக்காக எடுக்கும் படங்களில் ஆள் பக்கத்தில் நிற்கும் தூர் பெரும்பாலும் ஓரத்துத் தூர்தான்.

எடையிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பின் அறுக்கும் ஒட்டுப்புல் பிழிந்தால் சொட்டும். பொடியாக நறுக்கிய புல்லில் சரியாக ஒரு கிலோ எடுத்து, மாடியில் பழைய புடவை மேல் பரப்பி, எடை மேற்கொண்டு குறையாத வரை காயவிட்டு நிறுத்துப் பாருங்கள். 150 கிராம் நின்றால் மாட்டுக்கு வயிற்றில் தங்குவது அவ்வளவுதான். 220 கிராம் நின்றால் நல்ல புல். முதல் வகையில் 30 கிலோ போட்டால் நாலரை கிலோ உலர் பொருள். இரண்டாவது வகையில் 22 கிலோ போட்டாலே அதைத் தாண்டிவிடும். ரகத்துக்கு ரகம் ஒப்பிடும்போது இந்த உலர் எடையை ஒப்பிட வேண்டும். கோ-4க்கும் கினியாவுக்கும் பச்சையில் தெரியும் இடைவெளி காய்ந்த பிறகு சுருங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தூர் எப்படிச் சாகிறது

தையில் ஒருநாள், மழை ஓய்ந்து மண் வடிந்த பிறகு, சோர்ந்து நிற்கும் தூர் ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்து எடுங்கள். மண்ணை உதறிவிட்டு, அடித்தூரை அரிவாளால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உயிருள்ள தூரில் அடிக்கணுக்கள் வெள்ளையாக, கரும்பு நுனி போல ஈரமாக இருக்கும். கணுவோரம் அரிசி அளவு மொட்டுகள் தெரியும். செத்துக்கொண்டிருக்கும் தூரில் நடுப்பகுதி பழுப்பேறி, நார்நாராக, புளித்த வாடையோடு இருக்கும்; சுற்றுவட்டத்தில் மட்டும் நாலைந்து கிளைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது பச்சையாகத்தான் தெரியும். அடுத்த மழைக்கு அது இருக்காது. பத்துத் தூர் பிளந்து பார்த்தவருக்கு யாரும் புத்தகம் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

நடு ஏன் சாகிறது? நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் முதல் குற்றவாளி நிற்கும் தண்ணீர். இரண்டாவது, அரிவாள். மொட்டு இருப்பது அடிக்கணுவில். தரையோடு தரையாக வழித்து அறுத்தால் அதுவும் போய்விடும். நாலு விரற்கடை உயரத்தை விட்டு அறுப்பது சாதாரண காலத்துக்கு. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன் அறுக்கும் அறுப்பில் மட்டும் ஒரு சாண் கட்டை விடுங்கள். தேங்கும் தண்ணீருக்கு மேலே கட்டையின் வாய் தெரிந்துகொண்டிருந்தால் தூர் பிழைக்கும். வெட்டுவாயில் தண்ணீர் புகுந்து நின்றால் அழுகும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவே இல்லை.

மூன்றாவது, அவசரம். நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று என்பது கணக்கு. மாட்டுக்குப் புல் போதாமல் 30 நாளிலேயே அறுப்பவர்கள் நிறையப் பேர். தண்டு வளர்ந்து அடிவேருக்குச் சேமிப்பை அனுப்பும் முன் அறுத்துவிட்டால், அடுத்த தளிர் பழைய சேமிப்பில்தான் வர வேண்டும். நாலு முறை அப்படிச் செய்தால் வங்கியில் இருப்பு பூஜ்யம். இளம்புல்லில் ஆக்சலேட்டும் அதிகம். அது மாட்டின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒட்டுப்புல்லை மட்டுமே போட்டுக் கறப்பவர்கள் தாது உப்புக் கலவையை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் வைக்கோலும் கலக்க வேண்டும்.

நாலாவது, சாம்பல் சத்து. புல்லை அறுத்து வெளியே கொண்டுபோகும்போது மண்ணிலிருந்து அது மூட்டை மூட்டையாகப் போகிறது. யூரியா மட்டும் போட்டால் இலை கறுத்துப் பச்சையாக இருக்கும், தூர் உள்ளுக்குள் பலவீனமாகும். போன சாம்பல் சத்து பெரும்பாலும் மாட்டு மூத்திரத்தில்தான் இருக்கிறது. கட்டுத்தரையைக் கழுவும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாருக்குத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்காக தினமும் ஒரே பாரில் விடக் கூடாது. கழிவு நீர் அளவுக்கு மிஞ்சினால் புல்லில் நைட்ரேட் ஏறும். அது மாட்டைக் கொல்லக்கூடிய சமாசாரம். பார்களை மாற்றி மாற்றி விடுங்கள்.

கடைசியாக, தூர் தன்னைத்தானே நெருக்கிக்கொள்வது. ஆண்டுக்கு ஒருமுறை, பெருத்துப்போன தூரை மண்வெட்டியால் நாலாகப் பிளந்து, ஒரு பங்கை அங்கேயே விட்டு மூன்றை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை இடைவெளி விழுந்த இடங்களில் நடலாம், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்பவர்கள் குறைவு, ஏனென்றால் இடுப்பு ஒடியும் வேலை. கரணையை விட்டால், விதை போடாத புல்லுக்கு வாரிசு உண்டாக்கும் வழி இது ஒன்றுதான்.

உங்கள் கொல்லையில் ஒரு சோதனை

இரண்டு ரகம் ஒப்பிட ஆசைப்படுபவர்கள், கொல்லையின் வடக்குப் பாதியில் ஒன்று, தெற்குப் பாதியில் ஒன்று என்று நட்டுவிடுவார்கள். வடக்கில் கட்டுத்தரைத் தண்ணீர் பாயும், தெற்கில் வேப்பமர நிழல் விழும். கடைசியில் ஒப்பிட்டது மரத்தையும் சாணித் தண்ணீரையும்தான். அப்படிச் செய்யாமல், நிலத்தை ஆறு பட்டைகளாகப் பிரித்து, இரண்டு ரகத்தையும் மாற்றி மாற்றி மூன்று மூன்று பட்டையில் நடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு உரம் போட்டு, ஒரே நாளில் அறுக்க வேண்டும்.

பழைய டைரி ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வோர் அறுப்பிலும் பட்டைக்குப் பத்துத் தூர் எடை. ஆண்டுக்கு இரண்டு முறை தலையெண்ணிக்கை: மார்கழிக் கடைசியில் ஒன்று, கத்திரி வெயில் முடிந்த பிறகு ஒன்று. நட்டது எத்தனை, இருப்பது எத்தனை. வேறு எதுவும் எழுத வேண்டாம். அதிகம் எழுதத் திட்டமிட்டால் ஒன்றுமே எழுத மாட்டோம்.

மூன்று ஆண்டாவது பொறுக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். ஒரு ரகம் முதல் ஆண்டு 100 பங்கு கொடுத்து, அடுத்தடுத்து 80, 55, 35 என்று இறங்குகிறது. இன்னொன்று 75இல் தொடங்கி 75, 72, 70 என்று நிற்கிறது. முதல் ஆண்டு முடிவில் யாரைக் கேட்டாலும் முதல் ரகம்தான் என்பார்கள். மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகை 235க்கு 222. இன்னும் முதல் ரகம்தான் முன்னால், ஆனால் அந்த மூன்றாம் ஆண்டில் மட்டும் 55க்கு 72 என்று சரிவு தெரிந்துவிடும். நாலாம் ஆண்டு முடிவில் 270க்கு 292. அதற்குள் முதல் ரகத்தை அழித்து மறுநடவு செய்ய நினைத்தால், கரணைக் காசோடு இரண்டரை மாதம் வெறும் நிலம். அந்த இரண்டரை மாதம் சந்தையில் புல் வாங்கிய செலவை எந்த மகசூல் பட்டியலும் காட்டாது.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. குளிர்நாடுகளில் ராய் புல் வளர்ப்பவர்களும் இதையேதான் எடை போடுகிறார்கள். இத்தாலிய ராய் புல் சட்டென்று வளர்ந்து ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும். நிரந்தர ராய் புல் நிதானமாகப் பல ஆண்டு நிற்கும். இரண்டின் கலப்பு நடுவில் எங்கோ நிற்கும். கலப்பு என்றால் இரண்டு பக்கத்து நல்லதும் முழுசாக வந்துவிடும் என்று அங்கேயும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நான் என்ன நடுவேன்?

தண்ணீர் வசதியுள்ள, வடிகால் உள்ள நிலத்தில் பாதிக்குக் கோ-5. எடையில் கோ-4 கொஞ்சம் முன்னால் நின்றாலும், புரதத்தையும் சுணையையும் பார்த்து இதைத்தான் எடுப்பேன். மூன்று பாருக்கு ஒரு பார் வேலிமசால். அது பயறு வகை, புல்லில் இல்லாத புரதத்தை அது தரும். மர நிழலிலும் வேலியோரத்திலும் கினியா. பள்ளத்தில் நீர்ப்புல். கோ-4 ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அழிக்க வேண்டாம். தூரைப் பிளந்து இடைவெளியை நிரப்பினாலே போதும்.

நடவுக்கு ஆடி நல்லது, கிணற்றுத் தண்ணீர் இருந்தால் தை, மாசியும் நல்லது. ஐப்பசியில் மட்டும் நடாதீர்கள். கரணை வேர்பிடிக்கும் முன் மழை அதை மிதக்கவிடும். கரணைக்கு, கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கும் காட்டுப்பாக்கத்தில் முதலில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டி, காட்டாங்குளத்தூர் அருகே இருக்கும் காட்டுப்பாக்கம் அது. பூந்தமல்லி போகும் வழியில் இதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரரிடம் சரியாகச் சொல்லி ஏறுங்கள்.